கல் விழும் நேரம்

பாறைமேல் இருந்தது நானும் சாமைக்காட்டுக் காவல்காரனும்தான். என்னை மலையிலிருந்து கீழே டவுனுக்குக் கொண்டுபோக வேண்டிய ஜீப் டிரைவர் இன்னும் வரவில்லை. காவல்காரனுக்கு என் வயசுதான் இருக்கும். குருவி விரட்டக் கவணால் கல்லெறிவான். அது பள்ளத்தில் விழும்வரை வாய்க்குள் எண்ணுவான்.

மறுநாள் எனக்குக் காலேஜில் பியூசி பௌதிகப் பரீட்சை. உச்சியிலிருந்து கிடையாக எறிந்த கல் எப்போது தரையைத் தொடும் என்ற கணக்கைச் சத்தமாகப் படித்து, "வேகமா எறிஞ்சா விழ நேரமாகும்" என்று சொல்லிக்கொண்டே எழுதினேன்.

"வேகமா எறிஞ்சா தூரமா போவுங்க. விழற நேரம், சும்மா கைய வுட்டாலும் அதேதான்," என்றான்.

"நீ இன்னா படிச்சிருக்கே?"

"பள்ளிக்கூடத்துப் பக்கமே போனதில்லீங்க."

வயிறு எரிந்தது. எங்கள் வீட்டில் முதலில் படிக்கப் போனவன் நான். ஒரு வருஷமாக எனக்குப் பிடிபடாதது அவனுக்கு எண்ணியெண்ணியே தெரிந்திருந்தது.

பரீட்சையில் அதே கணக்கு வந்தது. அவன் சொன்னதுதான் சரி என்று மனசுக்குத் தெரிந்தும் என் வழியிலேயே போட்டேன். பத்து மார்க் போனது. தேற எட்டு மார்க் குறைந்தது.