ஓர் அண்டாவில் தண்ணீர், ஓர் அண்டாவில் மோட்டார்

காலை ஐந்தே முக்கால் மணிக்குத் துடியலூரில் என் மோட்டார் பட்டறை வாசலிலிருந்து வண்டி கிளம்பியது. பிள்ளைகளே, மழையில் வீடு நனைந்தவர்களுக்காக உங்கள் பள்ளிக்கூடத்தில் நீங்கள் சேர்த்துக் கொடுத்த துணி மூட்டைகள் ஏழு, அரிசி மூன்று சிப்பம், பிஸ்கட் பெட்டி இரண்டு, எல்லாம் என் குட்டியானை வண்டியில் ஏறியிருந்தன. அவற்றின் மேல் போத்தனூர் காதர் பாயின் பெரிய அண்டாக்கள் இரண்டு. காதர் பாய் கல்யாணச் சமையல்காரர். அங்கேயே சமைத்துப் போடுவதாகச் சொல்லிக் கூட வந்தார். நான் பத்தாவது வரைதான் படித்தவன். உங்கள் வகுப்பில் படிக்கும் என் மகள் நித்யா, "பொருள் குடுத்தவங்களுக்குக் கணக்கா எழுதிக் குடுங்கப்பா, அங்க என்ன நடந்துச்சுன்னு" என்றாள். அதனால் எழுதுகிறேன்.

ஆறரைக்குக் காரமடை. துடியலூரிலிருந்து பதினெட்டு கிலோமீட்டர். மழை விட்டிருந்தது, ஆனாலும் வழியெல்லாம் வாழைத்தோட்டங்கள் ஒரே பக்கமாகச் சாய்ந்து கிடந்தன. டீ பதினைந்து ரூபாய். டீக்கடைக்காரர் அண்டாவைப் பார்த்துவிட்டு, "கல்யாணமுங்களா?" என்று கேட்டார். "இல்லீங்க, மழையில மாட்டுன ஊருக்குங்க" என்றார் காதர் பாய். கடைக்காரர் டீக்குக் காசு வாங்கவில்லை.

வெள்ளியங்காடு தாண்டி ஒன்பது கிலோமீட்டரில் அத்திக்கரைப்பதி. மலையடிவாரத்தில் பழங்குடி மக்கள் குடியிருக்கும் சிற்றூர்களை இங்கே பதி என்பார்கள். மொத்தம் முப்பத்தெட்டு வீடுகள். ஊருக்கு முன்னால் ஓடையின் குறுக்கே ஒரு தரைப்பாலம். வெள்ளத்தில் அதில் பாதி போய்விட்டது. மீதிப் பாதியில் என் வண்டி மாதிரிச் சின்ன வண்டி ஊர்ந்து போகலாம். தண்ணீர் லாரி போக முடியாது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எட்டேகால் மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். சத்துணவுக் கூடத்தின் முன்னால் நிறையப் பேர் நின்றிருந்தார்கள். சாப்பாட்டுக்குக் காத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு இறங்கினேன். அங்கே நடந்துகொண்டிருந்தது சண்டை.

மருதன் என்பவர் அந்த ஊர்த் தண்ணீர்த் தொட்டிக்கு மோட்டார் போடுகிறவர். அவர் ஒரு பெண்ணைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார். "கரண்டு வந்து முழுசா ஒரு நாளாச்சு! மோட்டாரு இருக்குது, ஆழ்குழாயில தண்ணி இருக்குது. இந்தம்மா மோட்டாரோட கரண்டு பீஸ் கட்டையைப் புடுங்கிப் பைக்குள்ள போட்டுட்டு உக்காந்துட்டு இருக்குது. எம்புள்ள நாக்கு வறண்டு கெடக்குது!"

அந்தப் பெண் கிராமச் செவிலியர் கோகிலா. முப்பது வயது இருக்கலாம். ஊருக்கு அவர் நர்சம்மா. மடியில் ஆறு வயதுக் குழந்தை படுத்திருந்தது. டம்ளரிலிருந்து உப்புச் சர்க்கரைக் கரைசலை ஸ்பூன் ஸ்பூனாக அதன் வாயில் விட்டுக்கொண்டே, நிமிராமல் சொன்னார்: "கத்துங்க மருதண்ணா, நல்லாக் கத்துங்க. பொம்மிக்கு இன்னும் ரெண்டு ஸ்பூன் குடுத்துப்போட்டு வந்து மிச்சத்தைக் கேட்டுக்கறேன்."

பொம்மி அந்த மருதனின் மகள்தான்.

நடந்ததை நர்சம்மா எனக்குச் சொன்னார். ஊருக்குக் குடிதண்ணீர் ஓர் ஆழ்குழாய்க் கிணற்றிலிருந்து வருகிறது. மோட்டார் ஓடைக்கரையில் ஒரு சின்ன அறையில் இருக்கிறது. வெள்ளம் அந்த அறையில் இடுப்பளவு நின்று வடிந்தது. ஐந்து நாளாக ஊரே ஓடைத் தண்ணீரைக் குடிக்கிறது. விறகெல்லாம் நனைந்துபோனதால் காய்ச்சிக் குடிக்க வழியில்லை. பதினொரு பேருக்கு வயிற்றுப்போக்கு. இருவரைக் கட்டிலோடு தூக்கிப் பாலம் தாண்டி ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பியாகிவிட்டது. நல்ல தண்ணீர் வராவிட்டால் நாளைக்கு இருபது பேர் படுப்பார்கள்.

"அப்பறம் ஏனுங்க மோட்டாரைப் போட விடல?" என்று கேட்டேன்.

"எங்கூட்டு மோட்டாருக்கும் ரெண்டு வருசத்துக்கு முன்னால இப்படித்தானுங்கண்ணா தண்ணி பூந்துருச்சு. எங்கூட்டுக்காரரு அவசரப்பட்டுப் போட்டுட்டாரு. டப்புனு ஒரு சத்தம், பொகை, அவ்வளவுதான். பன்னெண்டு நாள் தண்ணி இல்ல. எனக்கு மோட்டாரைப் பத்தி வேற ஒண்ணும் தெரியாதுங்க. இது மட்டும் தெரியும்." பிறகு என் வண்டியில் எழுதியிருந்த பட்டறைப் பெயரைப் பார்த்தார். "நீங்க மோட்டாரு காயில் கட்டறவருங்களா?"

இருபத்திரண்டு வருடமாக எனக்கு அதுதான் தொழில். கருவிப்பை எப்போதும் வண்டியிலேயே கிடக்கும். மூட்டை மூட்டையாகத் துணியைக் கொண்டு போன எனக்கு அதுவரை அந்தப் பை நினைவுக்கு வரவே இல்லை.

மெக்கர் என்று ஒரு கருவி உண்டு. மோட்டாருக்குள் சுற்றியிருக்கும் காயிலில், அதாவது கம்பிச் சுருளில், ஈரம் இருக்கிறதா என்று அதன் முள் சொல்லிவிடும். முள் ஒன்றுக்கு மேலே ஏறினால் பயமில்லை. மோட்டார் அறையில் வைத்துப் பார்த்தேன். முள் பூஜ்யத்தை விட்டு அசையவில்லை. கரண்டு கொடுத்திருந்தால் அந்த நொடியே காயில் எரிந்திருக்கும். புதிதாகக் கட்ட மோட்டாரைக் கோயமுத்தூருக்குக் கொண்டு போக வேண்டும். வேலை முடிந்து திரும்ப மூன்று நான்கு நாளாகும்.

இனி நடந்ததை மறைக்காமல் சொல்கிறேன். முள்ளைப் பார்த்த பிறகும், வாசலில் நின்ற மருதனின் முகத்தைப் பார்த்ததும் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நம் ஊர்ப்பக்கம் ஒருவர் முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்லிப் பழக்கமில்லை. பார்க்கலாமுங்க, செய்யலாமுங்க என்றுதான் வரும். நானும் அப்படியே நர்சம்மாவிடம் திரும்பி, "ஒரே ஒரு தடவை போட்டுப் பாத்துரலாமுங்களா அம்மணி? நல்ல நேரம் இருந்தா ஓடிரும்" என்றேன்.

அவர் என்னையே பார்த்தார். "இது உங்க பட்டறைக்கு வந்த மோட்டாரா இருந்தா போடுவீங்களா?"

"போட மாட்டேனுங்க."

"அப்ப அதை எங்கிட்டச் சொல்லாதீங்க. வெளிய நிக்கறாங்கல்ல, அவங்களுக்குக் கேக்கற மாதிரிச் சொல்லுங்க. ஒரு நாளா நான் ஒருத்தியே சொல்லிட்டு இருக்கறேன்."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. வெளியே வந்து மெக்கரை மருதன் கையிலேயே கொடுத்து முள்ளைக் காட்டினேன். "நர்சம்மா சொல்றதுதானுங்க சரி. நேத்துப் போட்டிருந்தா மோட்டாரு எரிஞ்சே போயிருக்கும். கட்டையைப் புடுங்கி வெச்சதாலதான் இப்ப காய வெச்சு ஓட்ட முடியும். நாளைக்குக் காலைல வரைக்கும் டைம் குடுங்க."

"நாளைக்குக் காலைல வரைக்கும் எம்புள்ள என்னத்தைக் குடிக்கும்?" என்று கேட்டார் மருதன். நியாயமான கேள்வி. பாதிப் பாலத்தில் தண்ணீர் லாரியும் வராது.

நர்சம்மா காதர் பாய் பக்கம் திரும்பினார். "ஏனுங் பாய், அடுப்புக்கு என்ன வெச்சிருக்கறீங்க?"

"கேஸ் சிலிண்டர் ரெண்டு இருக்குதும்மா. காலைக்கு உப்புமா, மத்தியானத்துக்குக் குஸ்கா…"

"குஸ்கா வேண்டாமுங்க. தண்ணியைக் காய்ச்சிக் குடுங்க. அண்டா நெறைய, தளதளன்னு கொதிக்கோணும். ஊரு மொத்தத்துக்கும் பத்தோணும்."

காதர் பாய் இரண்டு அண்டாக்களையும் திரும்பிப் பார்த்தார். "நாப்பது வருசமா சமைக்கறேன் தாயி. வெறுந்தண்ணியைச் சமைச்சுப் போடச் சொன்ன மொத ஆள் நீங்கதான்" என்றார். மருதனைத் தவிர எல்லாரும் சிரித்தார்கள். அந்த ஊரில் நான் கேட்ட முதல் சிரிப்பு அது.

நீங்கள் கொடுத்த துணிகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அங்கே வீடுகள் நனைந்திருந்தாலும் துணி ஏற்கெனவே நிறைய வந்து, கூடத்தின் ஒரு மூலையில் கூரை வரை குவிந்து கிடந்தது. உங்கள் மூட்டைகளில் இருந்த வெள்ளை வேட்டிகள் மூன்றை நர்சம்மா எடுத்துக்கொண்டார். அவற்றைக் கொதிக்க வைத்து அலசி, நான்காக மடித்து, அதில் ஓடைத் தண்ணீரை வடிகட்டி அண்டாவில் ஊற்றினார்கள். மற்ற துணிகள் மூட்டையாகவே இருந்தன. யாருடைய வீட்டு வேட்டியோ, அது நல்ல வேலை செய்தது.

மோட்டாரைக் காய வைக்கச் சூடு வேண்டும். பட்டறையில் அதற்கு அடுப்பு இருக்கிறது, இங்கே இல்லை. பத்தரை மணிக்கு வண்டியை எடுத்துக்கொண்டு வெள்ளியங்காட்டுப் பக்கம் திரும்பி வந்தேன். வரும்போது ஒரு கோழிப்பண்ணையைப் பார்த்திருந்தேன். கோழிக்குஞ்சுகளுக்கு இதமாக இருக்க, சூடு தரும் குண்டு பல்புகளைத் தொங்கவிடுவார்கள். பண்ணைக்கார அம்மா விஷயத்தைக் கேட்டதும், "அடுத்த குஞ்சு எறங்கப் பத்து நாள் இருக்குதுங்க. கொண்டு போங்க" என்று இருநூறு வாட் பல்புகள் நான்கையும் ஒயரோடு கழற்றித் தந்தார். "ஒடஞ்சா ஒடஞ்சுட்டுப் போகுது. எத்தனை பேருக்கு முடியலைங்க?" என்று கேட்டவர், உள்ளே போய் இளநீர் ஒரு குலையைக் கொண்டுவந்து வண்டியில் வைத்தார்.

பன்னிரண்டரை மணிக்கு மோட்டாரைக் கழற்ற உட்கார்ந்தேன். யாரும் கூப்பிடாமலே மருதன் வந்து எதிரில் உட்கார்ந்தார். நான் கேட்பதற்கு முன்னால் சரியான ஸ்பானர் கைக்கு வந்தது. காயிலுக்குள் சேறு புகுந்திருந்தது. நல்ல தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும் என்றேன். காதர் பாய் கொதித்து ஆறிய தண்ணீர் ஒரு குடம் கொண்டுவந்து, "மோட்டாருக்கும் காய்ச்சின தண்ணிதானா? இதுக்கும் வயித்தால போகுதா?" என்றார். அப்போதுதான் மருதன் முதன்முதலாகச் சிரித்தார்.

கழுவித் துடைத்த மோட்டாரைச் செங்கல் மேல் வைத்து, சுற்றிலும் நான்கு பல்புகளை எரியவிட்டு, காதர் பாயின் இரண்டாவது அண்டாவை அதன் மேல் கவிழ்த்தோம். ஈரம் ஆவியாக வெளியேற அடியில் விரல் அளவு இடைவெளி. காதர் பாய் இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தார். "ஒண்ணுல தண்ணி வேகுது, ஒண்ணுல மோட்டாரு வேகுது. இதை எங்க வேணும்னாலும் போய்ச் சொல்லு தம்பி, ஒருத்தனும் நம்ப மாட்டான்."

மாலை ஐந்து மணிக்கு அண்டாவைத் தூக்கி மெக்கர் வைத்தேன். முள் துளி அசைந்தது. எட்டு மணிக்கு அரைக்குக் கொஞ்சம் கீழே. நான் இதை அட்டையில் எழுதியபோது, நர்சம்மா தன் நோட்டில் ஒவ்வொரு வீட்டுக்கும் எத்தனை டம்ளர் கொடுத்தது, யாருக்கு எத்தனை முறை போனது என்று எழுதிக்கொண்டிருந்தார். அவருக்கு அது ஆறாவது நாள். வீடு காரமடையில். போனில் தன் பையனிடம், "அப்பாகிட்டக் கேட்டு ரசம் ஊத்திச் சாப்புடு கண்ணு. அம்மா நாளைக்கு வாரேன்" என்றார். நேற்றும் அதையேதான் சொன்னதாக என்னிடம் சொன்னார்.

இரவில் மருதனும் நானும் முறைவைத்துப் பல்புகளைப் பார்த்துக்கொண்டோம்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு முள் இரண்டில் நின்றது. மருதன் முள்ளைக் குனிந்து பார்த்தார். என்னைப் பார்த்தார். காயிலில் மறுபடி ஈரம் இறங்காமலிருக்க வார்னிஷ் பூசக்கூட நேரம் இல்லை என்று நினைத்தேன். பிறகு, அரைகுறையாக விட்டுவிட்டுப் போகக் கூடாது என்று பூசி, இன்னும் ஒன்றரை மணி நேரம் பல்பில் வைத்தேன். ஒன்பதரைக்கு மோட்டார் அதன் இடத்தில் உட்கார்ந்தது.

ஊரே வந்து நின்றது. நர்சம்மா பையைத் திறந்தார். வெப்பமானி, மாத்திரை அட்டை, கரைசல் பொட்டலங்கள், அவற்றுக்கு அடியிலிருந்து மூன்று பீஸ் கட்டைகள். கையை நீட்டப் போனேன். அவர் என்னைத் தாண்டிப் போய் மருதன் கையில் வைத்தார். "நீங்கதானுங்க போடோணும் மருதண்ணா. இது உங்க மோட்டாரு."

மருதன் கட்டைகளைச் செருகி, ஸ்டார்ட்டர் பொத்தானை அழுத்தினார். சத்தம் ஒரே சீராக வந்தது. மேலே தொட்டிக்குள் தண்ணீர் விழும் ஓசை கேட்டதும் பெண்கள் குடங்களோடு குழாய்க்கு ஓடினார்கள். நர்சம்மா பிளீச்சிங் பவுடரோடு தொட்டியின் ஏணியில் ஏறினார். முதல் தொட்டித் தண்ணீரைத் திறந்துவிட்டுக் கழுவச் சொன்னார். இரண்டாவது முறை நிறைந்ததும் மருந்தைக் கலந்தார். "அரை மணி நேரம் யாரும் புடிக்கக் கூடாது" என்று மேலிருந்தே சொன்னார்.

கூட்டம் முணுமுணுத்தது. தண்ணீர் கண் முன்னால் சொட்டுகிறது, யாருக்குப் பொறுமை இருக்கும்? அப்போது மருதன் போய்க் குழாய்க்கு முன்னால் நின்றுகொண்டார். "அரை மணி நேரம் ஆகோணும். நர்சம்மா சொல்லியாச்சு. கொடத்தைக் கீழ வெய்யுங்க." அவருடைய சொந்த அக்காவே குடத்தை நீட்டினார். அதற்கும் நகரவில்லை.

பதினொன்றே காலுக்கு முதல் குடம் நிறைந்தது. பொம்மி எழுந்து உட்கார்ந்து ஒரு டம்ளரை முழுதாகக் குடித்தாள். அன்று காலையிலிருந்து புதிதாக யாரும் படுக்கவில்லை.

ஊர் திரும்பி என் வீட்டில் குழாயைத் திறந்தபோது, அந்தத் தண்ணீர் எப்படி வருகிறது, யார் அதில் மருந்து கலக்கிறார்கள் என்று இத்தனை வருடம் நான் கேட்டதே இல்லையே என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த முறை மூட்டை கட்டுவதற்கு முன்னால் அங்கே இருக்கும் நர்சம்மாவுக்கு ஒரு போன் போட்டு, "என்னங்க வேணும்?" என்று கேட்போம். சரிதானே பிள்ளைகளே?

அன்று பகல் ஒன்றரைக்கு அத்திக்கரைப்பதியிலிருந்து கிளம்பியதையும் சொல்லிவிடுகிறேன். நம் ஊர்ப்பக்கம் யார் வீட்டிலிருந்தும் "போயிட்டு வாரேனுங்க" என்று சொல்லாமல் கிளம்ப மாட்டோம். சொல்லாமல் போனால் கோபித்துக்கொண்டு போனதாக அர்த்தம். அதனால் சொல்லிக்கொள்ள நர்சம்மாவைத் தேடிப் போனேன். சத்துணவுக் கூடத்துச் சுவரில் சாய்ந்து, உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தார். நோட்டு மடியில் விரிந்து கிடந்தது. பக்கத்தில் மருதன் காவல் நிற்பதுபோல் நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் உதட்டில் விரலை வைத்தார்.

வண்டிக்குத் திரும்பினேன். சாவியைத் திருகப் போனபோது காதர் பாய் என் கையைப் பிடித்தார். "எறக்கம்தானே தம்பி. எஞ்சினைப் போடாத. அப்படியே உருட்டு."

பிரேக்கை விட்டேன். வண்டி சத்தமில்லாமல் பாலம் வரை உருண்டு போனது.