அணைத்த பிறகும் வந்த இணையம்

சாய்ந்தமருதில் வீட்டிலிருந்தே மென்பொருள் எழுதுகிறேன். சம்மாந்துறை அரிசி ஆலையொன்றில் நெல் நிறுக்கும் தராசுக்கு, பழையதற்குப் பதிலாகப் புதியது ஒன்று செய்தேன். முன்பு வைரஸ் புகுந்ததால், ஆலைக் கணினியை இணையத்தோடு இணைக்க முதலாளி ஹாஜியார் விடமாட்டார். தேவையான கோப்புகள் அத்தனையையும் பென்டிரைவில் கொண்டுபோய், அங்கேயே மென்பொருளை நிறுவ வேண்டும்.

அதனால் வீட்டு ரவுட்டரை அணைத்துவிட்டு என் மடிக்கணினியில் ஒத்திகை பார்த்தேன். பிழையே வரவில்லை. அந்த நம்பிக்கையில் ஆலைக்குப் போய், பழைய மென்பொருளை அழித்துவிட்டுப் புதியதை நிறுவத் தொடங்கினேன். பாதியில் நின்றுவிட்டது. ஒரு கோப்பு இல்லை. வெளியே நெல்லேற்றிய உழவு இயந்திரங்கள் நிறுக்க வழியின்றி வரிசையில் நின்றன. வானம் இருண்டிருந்தது.

"என்ன தம்பி, வீட்ட சரியா வேல செஞ்ச எண்டீங்களே?" என்றார் ஹாஜியார்.

"ஓம் ஹாஜியார், செஞ்சதுதான்" என்றேன்.

மோட்டார் சைக்கிளில் வீட்டுக்கு ஓடினேன். விசயத்தைச் சொன்னதும் மனைவி, "நீங்க ரவுட்டர நிப்பாட்டினதும் நெட் இல்லண்டு மகள் அழுதா. நான்தான் என்ட போன்ல ஹொட்ஸ்பொட் போட்டுக் குடுத்தன்" என்றாள். மடிக்கணினியும் அதில் ஒட்டிக்கொண்டு, விடுபட்ட கோப்பைத் தானாகவே இறக்கியிருக்கிறது.

கோப்போடு திரும்பியபோது மழை பிடித்துவிட்டது. நனைந்தபடி நெல்லைத் தறப்பாளால் மூடிக்கொண்டிருந்தவர்கள் என்னை ஏசவில்லை. ஏசியிருக்கலாம்.

இப்போது புதியது ஓடும்வரை பழையதை அழிப்பதில்லை. ஒத்திகைக்கு முன் மனைவியின் போனையும் வாங்கி அணைத்துவிடுகிறேன். அவளும் பேசாமல் தருவதில்லை.

"இண்டைக்கு எந்த மில்லுக்கு மழ?" என்று கேட்டுவிட்டுத்தான் தருகிறாள்.