பக்கத் தையலில் துணி இல்லை

அந்தத் தையல் கம்பெனியில் அவளை எல்லோரும் இஞ்ச் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். கழுத்தில் இஞ்ச் டேப் இல்லாமல் அவளை யாரும் பார்த்ததில்லை. சாப்பிடும்போதுகூட அதன் ஒரு முனையைத் தோளுக்குப் பின்னால் தள்ளிவிட்டுக்கொள்வாளே தவிர, கழற்றி வைக்க மாட்டாள்.

அவள் வேலை பேட்டர்ன் வெட்டுவது. ஓர் உடை எப்படி இருக்க வேண்டும் என்று மேலிடத்திலிருந்து படம் வரும். முன்பக்கம், பின்பக்கம், கை, கழுத்து என்று ஒவ்வொரு பகுதியையும் தடித்த அட்டையில் வரைந்து வெட்டிக் கொடுப்பாள். அந்த அட்டைகளை வைத்துத்தான் கீழ்த்தளத்தில் துணியை அடுக்கடுக்காக வெட்டுவார்கள்.

நூல் விலை தாறுமாறாக ஏறிய வருடம் மேனேஜர் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். கடைக்காரர்கள் பழைய விலைக்கு மேல் தர முடியாது என்று கையை விரித்துவிட்டார்களாம்.

"எங்கயாவது துணிய மிச்சம் பண்ணணும்மா. ஆனா பாத்தா தெரியக் கூடாது" என்றார்.

பார்த்தால் தெரியாத இடம் பக்கத் தையல்தான். உடம்பு கொஞ்சம் போட்டால் பிரித்து விட்டுக்கொள்ளலாம் என்பதற்காக உள்ளே துணி மடித்து விடுவது வழக்கம். அதை எடுத்துவிட்டாள். அடுத்த சீசனில் அதுவும் போதவில்லை. பாக்கெட் போயிற்று. அப்புறம் உள்ளே வைத்துத் தைக்கிற லைனிங் துணி. முழங்காலுக்குக் கீழே இறங்கியிருந்த உடை முழங்காலுக்கு மேலே ஏறியது. முழுக்கை அரைக்கையானது.

கடைவீதியில் பெரிய பேனர் வைத்தார்கள். அந்த உடையைப் போட்டுக்கொண்டு ஒரு பெண் அந்தரத்தில் குதித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் 'இறகு' என்று எழுதியிருந்தது. கம்பெனி பஸ்ஸில் போகும்போது தையல் பெண்கள் அதைக் காட்டி, "அக்கா, நாம வெட்டி எறிஞ்சதுக்கு எப்படிப் பேரு வச்சிருக்கான் பாரு" என்று சிரித்தார்கள். இஞ்ச் அக்காவும் பார்த்தாள். சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை. வீட்டில் எண்ணெய் தீர்ந்துவிட்டது என்பதுதான் ஞாபகம் வந்தது.

அவள் புருஷன் ஒரு பெரிய மரச்சாமான் கடையில் வேலை பார்த்தவர். கோடு போட்ட முழுக்கைச் சட்டையில் வாசலில் நின்று, வருகிறவர்களை உள்ளே கூட்டிக்கொண்டு போய்ச் சோபாக்களைக் காட்டுவார். சோபா வாங்க ஆளில்லாமல் கடை மூடிவிட்டது. இப்போது வீடு வீடாகப் பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கிறார். அதற்கு மஞ்சள் டி-ஷர்ட் கொடுத்திருந்தார்கள். லீவு நாளிலும் அதையேதான் போட்டுக்கொண்டார். சில நாள் அதிலேயே தூங்கினார். ஏன் என்று அவள் கேட்கவில்லை. இஸ்திரி போடுகிற வேலை மிச்சம் என்று விட்டுவிட்டாள்.

அவள் தங்கை அக்காவைப் போல அல்ல, கலகலப்பானவள். இரண்டு தெரு தள்ளி வாழ்க்கைப்பட்டிருந்தாள். செல்போன் கடையில் கவுண்டர் வேலை. ஒருநாள் சாயங்காலம் 'இறகு' உடையைப் போட்டுக்கொண்டு நேராக அக்கா வீட்டுக்குத்தான் வந்தாள். விற்கிற கடைக்காரன் பெயரில் லேபிள் இருந்தாலும், தோளைப் பார்த்ததுமே தான் வெட்டிய அட்டை என்று அக்காவுக்குத் தெரிந்துவிட்டது.

தங்கை ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினாள். கடையில் எல்லாப் பெண்களும் இதைத்தான் போடுகிறார்களாம். தான் மட்டும் தொளதொளவென்று நீளமாகப் போட்டுக்கொண்டு போனால் கிழவி மாதிரி இருக்கிறதாம்.

"நல்லாருக்கு" என்றாள் அக்கா. நிஜமாகவே நன்றாகத்தான் இருந்தது.

அந்த வருடக் கடைசியில் தங்கைக்கு வயிறு தெரிய ஆரம்பித்தது. கடையிலோ ஆட்களை ஒவ்வொருவராக நிறுத்திக்கொண்டிருந்தார்கள். மாசமாக இருப்பது தெரிந்தால் முதல் ஆளாக அனுப்பிவிடுவார்கள் என்று அவளுக்குப் பயம். புதிதாக எதுவும் வாங்கவும் முடியாது. உடையை ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு வந்தாள்.

"இடுப்புல மட்டும் கொஞ்சம் பிரிச்சு விட்டுடுக்கா" என்று சொல்லிக்கொண்டே தானே அதைத் திருப்பிப் பார்த்தாள். "என்னக்கா இது, உள்ள துணியே இல்ல? எந்தக் கஞ்சப்பய வெட்டினான்?"

"நான்தான்."

தங்கை விழுந்து விழுந்து சிரித்தாள். அக்காவின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா போடாம இருந்திருப்பியா?"

தங்கை உடையை மறுபடி நல்ல பக்கம் திருப்பினாள். "போட்டிருப்பேன்" என்றாள்.

பிரித்துவிட வழியில்லை, வேறு துணி வைத்துத்தான் அகலப்படுத்த வேண்டும். பீரோவில் புருஷனின் கோடு போட்ட சட்டைகள் மடித்தபடியே இருந்தன. ஒன்றை எடுத்துக்கொண்டு அவரிடம் காட்டினாள். அவர் செல்போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "எடுத்துக்கோ" என்றார். கத்தரி வைக்கும்போது மனசு ஏதாவது செய்யும் என்று எதிர்பார்த்தாள். ஒன்றும் செய்யவில்லை. நல்ல பருத்தி, வழுக்காமல் வெட்டுப்பட்டது. இரண்டு பக்கமும் அக்குளிலிருந்து கீழ்வரை பட்டையாக வைத்துத் தைத்தாள்.

அது வயிற்றை மறைத்தது. கடைப் பெண்கள் எங்கே வாங்கினாய் என்று கேட்டார்களாம். இரண்டு பேர் பழைய உடைகளைக் கொடுத்தனுப்பினார்கள், இதே மாதிரி செய்து தரச் சொல்லி. அவளும் செய்து கொடுத்தாள். ஏழாம் மாதம் வரை தங்கையின் வேலை தப்பியது. அதற்குப் பிறகு எந்தப் பட்டையாலும் மறைக்க முடியவில்லை, அனுப்பிவிட்டார்கள்.

அதற்குள் கம்பெனியிலும் ஆர்டர் படுத்துவிட்டது. விற்காத துணி குடோன் முழுக்க அடைந்து கிடந்தது. இதில் கொஞ்சம், அதில் கொஞ்சம் என்று எதுவும் முழு உடைக்குத் தேறாது. மேனேஜர் ஒரு படத்தை எடுத்துக்கொண்டு அவள் மேஜைக்கே வந்தார். முன்பக்கம் ஒரு துணி, பக்கத்தில் வேறு துணி.

"எல்லா எடத்துலயும் இப்ப ஒட்டுத்துணிதான் ஓடுதாம். எல்லாக் கம்பெனியிலயும் துணி தேங்கிக் கெடக்கு போல. உன்னால முடியுமா?"

முடியும் என்றாள். தங்கையின் உடையைப் பற்றிச் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்றும் தோன்றவில்லை. அட்டையை விரித்து வரைய ஆரம்பித்தாள். அந்த உடை நன்றாகப் போயிற்று. அந்த சீசனில் கம்பெனியிலிருந்து யாரையும் வீட்டுக்கு அனுப்பவில்லை. வேலை அதிகமாகி ஞாயிற்றுக்கிழமையும் வரச் சொன்னார்கள்.

அதனால் தங்கைக்குக் குழந்தை பிறந்தபோது உடனே போக முடியவில்லை. ஓர் அரைநாள் லீவு கிடைத்ததும் ஆஸ்பத்திரிக்குப் போனாள். தங்கை குழந்தையைத் தூக்கி அவள் மடியில் வைத்தாள். அவள் குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏதாவது சொல்லேன்க்கா. யாரு மாதிரி இருக்கா?"

அக்கா குனிந்து பார்த்தாள். மூக்கு, காது, நெற்றி, எல்லாவற்றையும் பார்த்தாள்.

"தெரியலடி" என்றாள். பிறகு, "கொஞ்ச நாள் போகட்டும். தெரியும்" என்றாள்.

குழந்தை தூங்கிவிட்டது. தங்கை வாங்கிக்கொள்ளக் கை நீட்டியபோது, இருக்கட்டும் என்று தலையை ஆட்டினாள். பஸ்ஸுக்கு நேரமாகும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தாள்.