வெறும் போத்தில்

ஒரு வாய்த் தண்ணீரை எடுத்து, கன்னமிரண்டும் உப்பக் கொப்பளித்து, பீற்றிஸ் தெருவோரத்தில் துப்புகிறாள். விழுங்குவதில்லை. போத்திலை மூடி மணற்குவியலின் ஓரமாய் வைத்துவிட்டுப் பலகையைத் தூக்குகிறாள். பச்சை. காத்துநின்ற வாகனங்கள் நகர்கின்றன.

தன்னாமுனைக்காரி. வாவிக்கரைத் தெருவில் ஒரு பாதியைக் கிண்டிப் போட்டிருக்கிறார்கள். மீதிப் பாதியில் ஒரு நேரத்தில் ஒரு பக்கத்து வாகனந்தான் போகலாம். அதன் இந்த முனையில் பீற்றிஸ், அந்த முனையில் கேதீஸ்வரி. ஒருத்தி பச்சை காட்டினால் மற்றவள் சிவப்பு. புருஷன் ஒருநாளும் கேட்காத பீற்றிஸின் சொல்லை டிப்பர் லொறி கேட்டு நிற்கிறது. அதில் பீற்றிஸுக்குக் கொஞ்சம் மிதப்பும் உண்டு.

நின்ற மரங்களைத் தெரு அகலமாக்கவென்று வெட்டிவிட்டார்கள். முன்பெல்லாம் வெயிலேற வாவிக்காற்று வரும். இந்த வருஷம் அதுவும் கொதித்துக்கொண்டுதான் வருகிறது. அவள் சட்டை முதுகில் உப்புப் பூத்திருக்கிறது.

"தண்ணியக் குடிகா" என்பாள் கேதீஸ்வரி, சாப்பாட்டு நேரத்தில். அவள் நிற்கிற பக்கத்தில் தெரிந்தவர் வீடொன்று இருக்கிறது; அவசரமென்றால் அங்கே போய்வருவாள்.

"குடிச்சா ஒண்டுக்கு எங்க போற? ஆம்புளயள் பத்தைக்குள்ள போவானுகள். நான் பலகையத் தூக்கிக்கிட்டுப் போகவா?"

இவ்வளவு பெரிய தெருப் போடுகிறவர்களுக்கு ஒரு கக்கூஸ் வைக்கத் தோன்றவில்லை.

பீற்றிஸுக்குச் சிறுநீரகம் பழுதாகத் தொடங்கிவிட்டது, தண்ணீர் குடித்தே ஆகவேண்டும் என்று கிளினிக்கில் சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து மகள் டினோஷாதான் போத்தில் நிரப்பிக் கொடுக்கிறாள்.

போன கிழமை உச்சி வெயிலில் பீற்றிஸ் பச்சையைத் திருப்பினாள். அந்தப் பக்கமும் பச்சை. டிப்பரும் பள்ளிக்கூட வேனும் நேருக்கு நேர் வந்து, ஒரு முழ இடைவெளியில் அலறிக்கொண்டு நின்றன. வேனுக்குள் பிள்ளைகள் வீரிட்டழுதார்கள்.

"கண்ணுக்கு முன்னால எல்லாம் வெள்ளையாப் போச்சு தம்பி" என்றாள் பீற்றிஸ் ஷாமிலிடம்.

வேலையை மேற்பார்வை செய்யும் ஷாமில் பொல்லாதவன் இல்லை. "இன்னொருக்கா நடந்தா என்னால ஒண்டும் செய்யேலாக்கா. வேற ஆளத்தான் போடணும்."

மறுநாள் பயத்தில் குடித்தாள். பலகையை விட்டு நகர முடியவில்லை; அடக்கவும் முடியவில்லை. காலோடு ஒட்டிய நனைந்த களிசானோடு பொழுது சாயும்வரை வாகனங்களுக்கு முன்னால் நின்றாள். அதற்குப் பிறகு குடிப்பதில்லை.

வேலை விட்டபின் குடித்தால் குமட்டிக்கொண்டு வருகிறது. வீட்டுக்குத் திரும்பும் முடக்கிலுள்ள செவ்வரத்தைச் செடியின் அடியில் போத்திலைக் கவிழ்க்கிறாள். ஊரெல்லாம் கருகிக் கிடக்க, அந்தச் செடி மட்டும் தளதளவென்று நிற்கிறது.

படலையடியில் டினோஷா காத்திருக்கிறாள். "முழுக்கக் குடிச்சீங்களாம்மா?"

பீற்றிஸ், பச்சைப் பலகையைத் தூக்குவதுபோல், வெறும் போத்திலை உயர்த்திக் காட்டுகிறாள்.