பெரியாயி இல்லாத பாட்டு

பரிமளம் பாட்டுக் கட்டுவாள் என்பது தோட்டத்தின் மேல் பிரிவான மேக்கணக்கில் யாருக்கும் தெரியாது. யாரும் மறைக்கவும் இல்லை. கேட்டால்தானே சொல்வதற்கு! ஸ்பிரிங்வெளிப் பக்கம் மலையைச் சுற்றிக் கிடந்த அந்தத் தேயிலைத் தோட்டத்தில் பாட்டு என்றால் லிங்கம், லிங்கம் என்றால் பாட்டு. அவன் பெண்டாட்டி கொழுந்து எடுப்பாள், சோறாக்குவாள், அவ்வளவுதான் என்று ஊர் நினைத்துக்கொண்டது.

நடந்தது வேறு. நாற்பத்தெட்டில் வெள்ளைக்காரன் கொடி இறங்கிய வருசம் அவர்களுக்குக் கல்யாணம். அடுத்தடுத்துத் தோட்டத்துச் சனங்களின் பிரஜாவுரிமை போனது, ஓட்டும் போனது. அதைப் பற்றித் தேயிலை நிரையில் நின்று கொழுந்து கிள்ளியபடியே பரிமளம் நாலு அடி முனகினாள். கை ஒரு தாளத்தில் போகும்போது வாய் சும்மா இருக்காது அவளுக்கு. சாயங்காலம் அம்மியில் மிளகாய் அரைக்கும்போது அதே அடிகள் எட்டாகி, பதினாறாகி வந்தன. லிங்கம் லயத்து வீட்டு வரிசையில் தங்கள் காம்பராவுக்கு வெளியே இஸ்தோப்புத் திண்ணையில் கஞ்சிராவோடு உட்கார்ந்து ஒரு தடவை கேட்டான். மறு தடவை அவனே பாடினான். அப்படியொரு ஞாபகம், அப்படியொரு குரல். ஞாயிற்றுக்கிழமை பதுளை பஸ் ஸ்டாண்டில் பாடினான். கூட்டம் கூடிவிட்டது. அச்சுக்கூடம் வைத்திருந்த புஹாரி நானா அதை ரெண்டு பக்கத் தாளாக அடித்துக் கொடுத்தார்.

பாட்டுத் தாள் என்றால் அதற்கு ஒரு வழக்கம் உண்டு. கடைசிச் சரணத்தில் கட்டியவன் பேர் வரவேண்டும். ‘லிங்கம் சொன்ன பாட்டு’ என்று வந்தது. பரிமளத்துக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. சோற்றை ஆக்கியவள் பேரை இலையில் எழுதியா வைக்கிறோம் என்று கேட்பாள்.

ஒரு தடவை பூனாகலையில் தொழிற்சங்கக் கூட்டம். மேடையேறிய ஒருத்தர், பாடுகிறவன் தன் பாட்டைத் தானே கட்டவேண்டும், அடுத்தவன் கட்டியதைப் பாடுவது வாடகை வேட்டி கட்டிக்கொண்டு மாப்பிள்ளையாக நிற்கிற மாதிரி என்று வெளுத்து வாங்கினார். தானே கட்டிப் பாடுகிறவனுக்கு உதாரணமாக அவர் காட்டியது யாரை? நம்ம லிங்கத்தைத்தான்! லிங்கம் தலையை ஆட்டிக்கொண்டு நின்றான். வீட்டுக்கு வந்து சொன்னபோது பரிமளம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

“அப்ப நாளையிலருந்து நீங்களே கட்டுங்க.”

“கட்டுனா போச்சு. என்ன பெரிய மலையா?”

ரெண்டு நாள் இஸ்தோப்பில் உட்கார்ந்தான். ‘தேயிலையே தேயிலையே’ என்று தொடங்கினான். மூன்றாம் நாளும் ‘தேயிலையே’தான். பிறகு கஞ்சிராவை ஆணியில் மாட்டிவிட்டு, “இந்தா புள்ள, நீயே அரை” என்றான். மிளகாயைச் சொன்னானா பாட்டைச் சொன்னானா என்று அவள் கேட்கவில்லை.

ஐம்பதில் ஒரு பெண் பிறந்தாள். பரிமளம் தன் குலசாமி பேரை வைத்தாள், பெரியாயி. பிறப்புப் பதிவில் ‘பெண் குழந்தை’ என்று மட்டும் எழுதிவிட்டார்கள். பேரைக் கேட்க யாருக்கு நேரம்? அந்தப் பேர் கடிதாசியில் ஏறியது ஒரே ஒரு தடவைதான். பிரஜாவுரிமை மனுவில் குடும்பத்தார் பேர் எழுதும்போது, தோட்டத்துக் கந்தோர்க் கிளாக்கர் சிவஞானம் ஐயா நிறுத்தி நிறுத்தி எழுதினார். யாழ்ப்பாணத்து மனுசன், முத்து முத்தான எழுத்து. அந்த மனுவும் தள்ளுபடியாகிப் போனது.

ஐம்பத்து நாலு ஐப்பசியில் விடாத மழை. நாலு நாள் காய்ச்சல். ஐந்தாம் நாள் காலையில் பெரியாயி இல்லை.

அன்று பரிமளம் பாடினாள். கட்டியதா, தானாக வந்ததா, அவளுக்கே தெரியாது. பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, சுற்றிப் பொம்பளைகள் உட்கார்ந்திருக்க, குரல் உடையப் பாடினாள்.

கொழுந்துக் கூடையில
ஒனக்கொரு எடமிருக்கு
எறங்கிப் போனதெங்க
ஏ பெரியாயி – நான்
எடை போட யாரத் தூக்க?

லிங்கம் மழையில் வாசலில் நின்றான். அழவில்லை. குழி வெட்டப் போனவர்களோடு போனான், வந்தான், குளித்தான்.

அதோடு பரிமளத்துக்கு எல்லாம் மரத்துப் போயிற்று. விடிந்தால் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போனாள். இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டினாள், கூடையை மாட்டினாள், கொழுந்தை எடுத்தாள். பசித்தது, சாப்பிட்டாள். அழுகை வரவில்லை, பாட்டும் வரவில்லை. கால் மரத்தால் உதறிப் பார்க்கலாம். நெஞ்சை எதைக் கொண்டு உதறுவது, சொல்லுங்கள்? வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுப் போகிற பிள்ளைக் காம்பராவைத் தாண்டும்போது கூட அவள் நடை மாறவில்லை. கல்நெஞ்சுக்காரி என்று ரெண்டு பேர் பேசிக்கொண்டார்கள். அவர்கள் வாயில் மண்ணைப் போட.

தையில் ஒரு நாள் பக்கத்து நிரையில் நின்ற வள்ளியம்மை முனகிக்கொண்டே கொழுந்தெடுத்தாள். ‘கொழுந்துக் கூடையில ஒனக்கொரு எடமிருக்கு.’ பரிமளத்தின் கை நின்றது. ‘எறங்கிப் போனதெங்க, ஏ சரோஜினி.’

“அக்கா, இது யாரு பாட்டு?”

“தெரியாத மாதிரி கேக்குற? ஒம் புருசன் பாட்டுத்தான். பதுளையில கேக்காத ஆளு இல்லயே. பொம்பளைங்க எல்லாம் அழுவுறாங்க.”

“சரோஜினி யாரு?”

“பாட்டுல வர்ற புள்ள. வேற யாரு?”

எழவு வீட்டில் பரிமளம் பாடியது வள்ளியம்மைக்கு நினைவில்லை. அன்று இருந்த கூச்சலில் யார் என்ன பாடினார்கள் என்று யாருக்குத்தான் நினைவிருக்கும்! பரிமளம் அன்றைக்கும் கூடை நிறையத்தான் எடுத்தாள்.

சாயங்காலம் லிங்கத்தின் முன்னால் போய் நின்றாள்.

“எம் புள்ள பாட்ட அச்சடிச்சீங்களா?”

அவன் கஞ்சிராவைப் பார்த்தான். “எனக்கும் புள்ளதானே.”

“அடிச்சுட்டுப் போங்க. ஒங்க பேரும் இருக்கட்டும். அவ பேர எதுக்கு எடுத்தீங்க?”

“பெரியாயின்னா பட்டணத்துல எடுபடாது புள்ள. சிரிப்பாங்க. சரோஜினின்னா நாகரிகமா இருக்குன்னு புஹாரி நானா சொன்னாரு.”

“பதிவுல அவ பேரு இல்ல. மனுவும் போயிருச்சு. குழிக்கு மேல தேயிலக் கன்னு நட்டுட்டாங்க. இந்தப் பாட்டுலயாவது இருந்துட்டுப் போகட்டுமே. அத மட்டும் திருப்பிக் குடுங்க, வேற எதுவும் கேக்கல.”

குரலை உயர்த்தவில்லை. உப்பு வாங்கி வரச் சொல்கிற மாதிரிதான் சொன்னாள். லிங்கம் கஞ்சிராவைக் கீழே வைத்துவிட்டு, “சரி. வர்ற ஞாயித்துக்கெழமை பெரியாயின்னே பாடுறேன். நீயும் வா” என்றான்.

போனாள். பஸ் ஸ்டாண்டில் நல்ல கூட்டம். லிங்கம் கஞ்சிராவைத் தட்டினான். முதல் அடி, ரெண்டாம் அடி. ‘எறங்கிப் போனதெங்க’ என்று குரலை மேலே தூக்கினான். ‘ஏ’ என்றான். அங்கேயே நின்றுவிட்டான். உதடு ஆடியது, சத்தம் இல்லை. மறுபடியும் ‘ஏ’ என்றான். முகம் கோணிப்போயிற்று. காரணம் நாகரிகமும் இல்லை, புஹாரி நானாவும் இல்லை. அந்தப் பேரை அவனால் சொல்ல முடியாது, அதுதான் விசயம். பரிமளத்துக்கு அப்போதுதான் புரிந்தது. அவன் ஒப்பாரி வைத்து அழாத ஆம்பளை. அந்தப் பேரைத் தள்ளி வைத்தால்தான் அவனால் அந்தப் பாட்டுக்குள் போகவே முடிந்திருக்கிறது.

கூட்டம் காத்து நின்றது. பரிமளம் நின்ற இடத்திலிருந்தே சொன்னாள்.

“ஏ பெரியாயி.”

நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். பக்கத்தில் கையில் தாளோடு நின்ற மனுசன் குனிந்து தன்மையாகச் சொன்னார்.

“அப்பிடி இல்லையம்மா. இஞ்ச பாருங்கோ, அச்சிலை வடிவாய்ப் போட்டிருக்கு. சரோஜினி.”

சிவஞானம் ஐயா. மனுவில் பெரியாயி என்று எழுதிய அதே கை, தாளில் அந்த எழுத்தைத் தொட்டுக் காட்டியது. அவரைக் குற்றம் சொல்ல முடியுமா? எத்தனை ஆயிரம் பேர்களை எழுதினாரோ பாவம். பரிமளத்துக்கு வாசிக்கத் தெரியாது. தாளைப் பார்த்தாள், “சரிங்கய்யா” என்றாள்.

அதற்குள் முன்வரிசையில் யாரோ ‘ஏ சரோஜினி’ என்று எடுத்துக்கொடுக்க, கூட்டம் முழுக்கப் பாடியது. லிங்கம் அதைப் பிடித்துக்கொண்டு மேலே போனான். கண்ணீர் வழிய வழியப் பாடி முடித்தான்.

திரும்பி வரும் பஸ்ஸில், “வாயில வரல பரிமளம்” என்றான்.

“தெரியுது.”

அதற்குப் பிறகு அவள் அவனுக்குப் பாட்டுக் கட்டவில்லை. அவனும் கேட்கவில்லை. பழைய பாட்டுகளையே பாடிக்கொண்டிருந்தான். அதில் சரோஜினி பாட்டு ஒன்றைத்தான் சனங்கள் திரும்பத் திரும்பக் கேட்டார்கள்.

அறுபத்தொன்றில் கீழ் லயத்தில் முருகையா வீட்டுக் கைப்பிள்ளை தவறியது. எழவு வீட்டில் பொம்பளைகள் அந்தப் பாட்டைத்தான் எடுத்தார்கள். இப்போதெல்லாம் எந்தப் பிள்ளை செத்தாலும் அந்தப் பாட்டுத்தான். பாட்டுக்காரர் பெண்சாதி நீ எடு என்று பரிமளத்தை முன்னால் தள்ளினார்கள். ஏழு வருசம் கழித்து அவள் வாயைத் திறந்தாள். கொழுந்துக் கூடையில ஒனக்கொரு எடமிருக்கு. எறங்கிப் போனதெங்க.

“ஏ சரோஜினி” என்று வந்தது.

தானாக வந்தது. அவள் நிறுத்தவில்லை, ஒப்பாரியைப் பாதியில் நிறுத்தக் கூடாது. கடைசிச் சரணத்தில் லிங்கம் பேரையும் சொல்லி முடித்துவிட்டு, முந்தானையால் வாயைத் துடைத்தாள்.

வள்ளியம்மை மூக்கைச் சிந்தியபடி, “என்ன பாட்டுக் கட்டியிருக்காரு ஒம் புருசன்! புள்ளயப் பறிகுடுத்தவங்களுக்குத்தான் தெரியும் இதோட அருமை” என்றாள்.

“ஆமாங்கக்கா” என்றாள் பரிமளம்.