பதினோரு நடை

கவிழ்த்து வைத்த கேனிலிருந்து பாட்டிலில் தண்ணீர் பிடிக்கும்போது, பாதி நிறைந்ததும் கேனின் வயிற்றுக்குள்ளிருந்து ஒரு பெரிய குமிழ் 'குளக்' என்று மேலே கிளம்பும். அந்தச் சத்தம் கேட்டால் இன்றும் எனக்கு முதுகு கூசுகிறது. ஸ்ரீபெரும்புதூரில், ஒரு லாட்ஜின் மேல்மாடியில் இருக்கும் எங்கள் ஆலோசனை நிறுவனத்தில் கேன் என் நாற்காலிக்குப் பின்னால்தான் நின்றது. குளக் என்றால், டிராயிங் மேடம் என் தோளுக்கு மேலாக என் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம்.

எங்கள் தொழிலைச் சொன்னால் சிரிப்பீர்கள். ஒரகடத்துத் தொழிற்சாலைகளுக்குப் போய், ஒரு தொழிலாளி ஒரு ஷிப்டில் எங்கெங்கே நடக்கிறார் என்று வரைபடத்தில் பென்சில் கோடு போட்டு, பொருளை அவர் கைக்குப் பக்கத்தில் நகர்த்தி வைக்கச் சொல்வோம். நான் அங்கே மூத்த ஆலோசகர். அதற்கு அத்தாட்சி என் நரை மட்டுமே. மேடம் வடக்குப்பட்டுக்காரர், மூன்று வருஷம் தொழிற்சாலை லைனில் நின்று போல்ட் முடுக்கிவிட்டு, பிறகு கணினியில் படம் போடக் கற்றுக்கொண்டு வந்தவர். நான் சொல்வதை வரைவது அவர் வேலை. நான் தப்பாகச் சொன்னதைத் திருத்துவது எந்தக் காகிதத்திலும் இல்லாத வேலை. பாட்டில் நிறைவதற்குள் ஒரே ஒரு வாக்கியம். "அங்க ஃபேன் கீது சார், கவரு பறந்து வந்து மூஞ்சில ஒட்டும்" என்பார். மூடியைத் திருகிக்கொண்டு போய்விடுவார். மறுநாள் அந்த வாக்கியம் நல்ல ஆங்கிலத்தில், என் பெயரில், அறிக்கையில் இருக்கும்.

இப்படியே போயிருந்தால் எனக்குப் புகழும் அவருக்குத் தண்ணீரும் கிடைத்துக்கொண்டே இருந்திருக்கும். ஒருநாள் வாடிக்கையாளர் ஒருவர், உதிரிபாகக் கம்பெனி மேலாளர், என் எதிரில் உட்கார்ந்திருந்தார். போல்ட் தட்டை வலதுகைப் பக்கம் வைத்ததன் மகிமையை விளக்கிக்கொண்டிருந்தேன். பின்னால் குளக். "இன்னா சார், ரைட்டு கையில போல்ட்டு முடுக்குற கன்னு புடிச்சிக்கினு கீறான். போல்ட்ட வாயாலயா எடுப்பான்?" மேலாளர் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். நானும் சிரித்தேன், பல் மட்டும். அதன்பிறகு அவர் போன் செய்தாலே, "தண்ணி பிடிக்கிற மேடம் பார்த்தாங்களா?" என்பதுதான் முதல் கேள்வி.

அந்த மாதம்தான் முதலாளி, நம் முறையை நம் அலுவலகத்திலேயே செய்து காட்டலாமே என்றார். பென்சிலை நான் எடுத்துக்கொண்டேன். இரண்டு நாள் உட்கார்ந்து மேடத்தின் நடையை மட்டும் எண்ணினேன். ஒரு நாளைக்குப் பதினோரு நடை, அவர் மேஜையிலிருந்து கேனுக்கு. படம் சிலந்தி வலை மாதிரி அழகாக வந்தது. 'தேவையற்ற நடை' என்று தலைப்புப் போட்டு, கேனை அவர் மேஜை ஓரத்துக்கு மாற்றினேன். எல்லாரும் கைதட்டினார்கள். மேடம் கைதட்டவில்லை. கேனையும் என்னையும் ஒருமுறை பார்த்தார். தொழிலாளியின் கைக்குப் போல்ட்டைப் பக்கத்தில் கொண்டுவந்தே வயிறு வளர்த்தவன், ஒரு மனுஷியை முப்பது அடி தள்ளி வைத்ததும் அதே கணக்கில்தான்.

அதன்பிறகு என் முதுகுக்கு நிம்மதி. என் அறிக்கைகளும் நிம்மதியாக, சவம் மாதிரி இருந்தன. வருடக் கடைசியில் முதலாளி ஒவ்வொருவரும் தந்த புது யோசனைகளைப் பட்டியல் போட்டார். என் பெயருக்கு நேரே பக்கம் நிறைய. மேடத்தின் பெயருக்கு நேரே ஒன்றுமில்லை. "இவங்க இன்னாதான் பண்றாங்க?" என்று என்னிடம் கேட்டார். "டிராயிங் நல்லா போடுவாங்க சார்" என்றேன். ஒரு வார்த்தை பொய்யில்லை. அதைவிடப் பெரிய அயோக்கியத்தனத்தை நான் இன்றுவரை செய்ததில்லை. "டிராயிங் மட்டும்னா வெளியூர்லயே குடுத்து வாங்கிக்கலாமே" என்றார் அவர். நான் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வேலையின் கடைசி நாள் மேடம் பையில் சாமான்களை அடுக்கும்போது, அவர் ஜன்னலோரம் இருந்த மணிபிளான்ட் தொட்டி கண்ணில் பட்டது. எப்போதும் கொழுகொழுவென்று இருந்த செடி. ஒரு முழம் தள்ளிக் கேன் நிறையத் தண்ணீர் இருக்க, அது காய்ந்து சுருண்டு கிடந்தது. எதையாவது பேச வேண்டுமே என்று, "ஏம்மா, தண்ணி பக்கத்துலயே இருந்தும் காய வுட்டுட்டியே?" என்றேன்.

"எனக்கு இன்னா சார், ஒரு நாளைக்குப் பதினோரு பாட்டில் தாகமா? உங்க ஸ்கிரீன்ல கீற படத்த பார்க்க வருவேன். கொண்டாந்த தண்ணிய அதுக்கு ஊத்துவேன்" என்றார். கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் நான் அன்றிரவாவது தூங்கியிருப்பேன். அப்போதும் முதலாளி அறை கதவு திறந்துதான் இருந்தது. பத்து எட்டு வைத்தால் போய்விடலாம். அந்த நடையை நான் நடக்கவில்லை.

மேடம் இப்போது மறைமலை நகரில் எங்கோ வேலையில் இருப்பதாகக் கேள்வி. கேனை மறுபடி என் நாற்காலிக்குப் பின்னாலேயே கொண்டுவந்து வைத்துவிட்டேன். பாதிப்பேர் வீட்டிலிருந்து வேலை செய்கிறார்கள். வருகிறவர்கள் காதில் எதையோ செருகிக்கொண்டு, கண்ணைப் போனில் வைத்துக்கொண்டு தண்ணீர் பிடிக்கிறார்கள். திரையில் வேண்டுமென்றே ஒரு தப்பை விட்டு வைக்கிறேன். போல்ட் தட்டு, வலதுகைப் பக்கம். குளக் என்கிறது. காத்திருக்கிறேன். மூடி திருகும் சத்தம் கேட்கிறது, அப்புறம் செருப்புச் சத்தம், தூரமாக.