ஆள் வராத இருக்கைக்கு ஒரு ஸ்பூன்

தென்கொரியாவின் டேஜான் நகரில் நாலு பேர் சேர்ந்து சாப்பிடப் போனால், கூட்டத்தில் யார் இளையவரோ அவர்தான் ஸ்பூன் வைக்க வேண்டும். காகிதத் துண்டை விரித்து அதன்மேல் ஸ்பூன், பக்கத்தில் சாப்பிடும் குச்சிகள். மோக் யெரின் இதை ஆறு ஆண்டாகச் செய்கிறாள். பேராசிரியர் கூவின் ஆய்வகத்தில் அவளுக்குப் பின் யாரும் சேரவில்லை. ஏன் என்று சேராதவர்களைத்தான் கேட்க வேண்டும்.

உப்பு மண்ணில் நெல் எப்படிப் பிழைக்கிறது என்பது அவளுடைய ஆராய்ச்சி. நாற்றுக்கு உப்புத் தண்ணீர் ஊற்றுவாள், வேரை அறுத்துப் பார்ப்பாள், செத்ததை எண்ணுவாள். சூசோக் அறுவடைப் பண்டிகைக்கு ஊரே கிளம்பிப் போனபோதும் நாற்றோடுதான் கிடந்தாள். "கல்யாணம் பண்ணிக்கச் சொன்னா நெல்லுக்கு வாக்கப்பட்டுட்டியேடி" என்று அம்மா தொலைபேசியில் திட்டினார். தன் பெயர் முதலாவதாக வரும் கட்டுரை ஒன்று இதழில் வெளியானால்தான் முனைவர் பட்டம். அது பல்கலைக்கழக விதி.

யெரினின் கட்டுரையை இதழ் ஏற்றுக்கொண்டது. எலும்புச் சூப்புக் கடையில் விருந்து வைத்தார் கூ. கட்டுரையில் பெயர் இல்லாத பக்கத்து ஆய்வகத்துக்காரன் எனக்கும் சூப்பு கிடைத்தது. கூவின் நண்பர் பேராசிரியர் பியொனும் வந்திருந்தார். அவருடைய பள்ளிக்கூட மகள் சோயுல், கோடை விடுமுறையில் ஆய்வகத்துக்கு வந்து, கையுறை போட்டுப் படம் எடுத்துக்கொண்டு போனவள். கையுறை அழுக்காகவில்லை.

கூ தொண்டையைச் செருமினார்.

"முதல் பேரு நம்ம சோயுலோடது. மருத்துவப் படிப்புக்கு விண்ணப்பம் போடுறா, பாவம். யெரினுக்கு ரெண்டாவது. உன் பட்டம் எங்கம்மா ஓடிடப் போகுது? அடுத்த கட்டுரையில பார்த்துக்கலாம்."

"எம்பொண்ணுக்கு அந்த நாத்துன்னா உசுரு" என்றார் பியொன்.

"மூக்கைப் பொத்திக்கிட்டுல்ல நின்னா" என்று என் காதில் முணுமுணுத்தார் ஆய்வகத்தில் மூத்தவரான கிஹுன்.

எங்கள் ஆய்வகங்களில் இதற்குப் பெயரே 'ஸ்பூன் வைப்பது'. சமைத்தவர் ஒருவர், மேசையில் ஸ்பூனை மட்டும் கொண்டுவந்து வைப்பவர் இன்னொருவர். எல்லோரும் சொல்வோம், பேராசிரியர் காதில் விழாமல் சொல்வோம்.

யெரின் எழுந்தாள். காலி இருக்கைக்கு முன்னால் காகிதம் விரித்து, புது ஸ்பூன் ஒன்றை வைத்தாள்.

"யாருக்கும்மா இது? எல்லாருக்கும்தான் இருக்கே?" என்றார் கூ.

"முதல் பேருக்காரங்களுக்கு, சார். விருந்தே அவங்களுக்குத்தானே. இன்னும் காணோமே?"

"ட்யூஷன்" என்றார் பியொன், சூப்பைப் பார்த்தபடி.

கிஹுனுக்குப் புரையேறியது. கூவுக்கு முகம் சிவந்துவிட்டது. "சரி சரி, இதழ்லேருந்து மின்னஞ்சல் வந்திருக்கும். பேர் வரிசைக்குச் சம்மதம்னு எல்லாரும் அழுத்திடுங்க. சூப்பு ஆறுது."

எல்லோரும் அழுத்தினார்கள், கிஹுனும்தான். யெரின் 'சம்மதமில்லை' என்பதை அழுத்தி, கைபேசியைக் கூவின் பக்கம் திருப்பிக் காட்டினாள்.

கட்டுரை நின்றது. விசாரணை வந்தது, யெரின் மேல்! உழைப்பைத் திருடிக் கொடுத்தவர் மேல் இல்லை. பறிகொடுத்தவள் 'ஒத்துழைக்கவில்லை' என்று. ஆராய்ச்சி நெறிக் குழுவின் தலைவர் யார் என்கிறீர்கள்? பியொன். நெறி அவர் வீட்டுப் பிள்ளை போலிருக்கிறது, அதற்கும் எங்காவது முதலிடம் வாங்கிக் கொடுப்பார்.

"உனக்குப் பட்டம் வேணுமா, வேணாமா?" என்று விசாரணையில் பியொன் கேட்டாராம்.

"வேணும் சார். அதனாலதான் சம்மதம்னு அழுத்தல."

குழு இன்னும் முடிவு சொல்லவில்லை. பட்டமும் வரவில்லை. நேற்று எட்டிப் பார்த்தேன், நாற்றுக்கு உப்புத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். பியொன் வீட்டிலிருந்து யாரும் உதவிக்கு வந்திருக்கவில்லை.